குடிநோய்க்குக் கைபேசி வைத்தியமா?

புது வைத்தியர் ஒருவர் வந்திருக்கிறார். அவருக்குப் பசி தாகம் கிடையாது. சம்பள உயர்வு கேட்கமாட்டார், சங்கம் சேரமாட்டார், லீவு எடுக்கமாட்டார். நோயாளியின் சட்டைப் பையிலேயே குடியிருப்பார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் பதில் சொல்லுவார். அவருடைய பெயர் கைபேசிச் செயலி!

குடியிலிருந்தும் கஞ்சா, அபின் வகையறாக்களிலிருந்தும் மீள நினைக்கிறவர்களுக்கு இனி இவரே கதி என்று சில கனவான்கள் பிரசாரம் செய்து வருகிறார்கள். கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். முதலீட்டுக்காரர்களின் பத்திரிகைகள் புளகாங்கிதம் அடைகின்றன. "டாக்டர்கள் போதவில்லை, ஆலோசகர்கள் போதவில்லை, ஆஸ்பத்திரி கட்டப் பணமில்லை, ஆனால் ஏழையின் கையிலும் கைபேசி இருக்கிறதே! அதிலேயே வைத்தியத்தை ஏற்றிவிட்டால் போயிற்று" என்பது அவர்களுடைய வாதம்.

கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம்பி ஒரு தொழிலாளி குடும்பம் ஏமாந்தால், போவது ஒரு உயிர். ஆகவே இந்த வாதத்தை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

கருவியை நாம் எதிர்க்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கைபேசியால் பயனே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இயந்திரத்தைக் கண்டு மிரளுவது நமது வழக்கமல்ல. இயந்திரம் யார் கையில் இருக்கிறது, யாருக்காக ஓடுகிறது என்று கேட்பதுதான் நமது வழக்கம்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் "ஏ-செஸ்" என்று ஒரு கைபேசிக் கருவியைத் தயாரித்தார்கள். குடிநோய்க்காக விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் 349 பேரைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மறு பாதிப் பேருக்கு அதோடு கைபேசியும் கருவியும் எட்டு மாத காலத்துக்கு. முடிவு 2014ல் வெளியாயிற்று. கருவி இல்லாதவர்கள் முந்தைய 30 நாளில் சராசரியாக 2.75 நாள் அபாயகரமாகக் குடித்திருந்தார்கள். கருவி பெற்றவர்களுக்கு அந்தக் கணக்கு 1.39 நாள். ஏறக்குறையப் பாதி!

இது நல்ல பலன். இதை மறைக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை.

அந்தக் கருவி என்ன செய்தது? பழைய சாராயக் கடைப் பக்கம் கால் போனால் எச்சரித்தது. மனம் தடுமாறும் நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் உதவிக்கு ஆள் தேடித் தந்தது. தம்மைப் போலவே குடியை விட்டவர்களோடு பேச வைத்தது. வாரந்தோறும் நிலைமை எப்படி என்று விசாரித்தது. குடியின் வேட்கை அலைபோல எழும்பும். சற்று நேரம் தாக்குப் பிடித்தால் அடங்கும். அந்தச் சற்று நேரத்தில் தோள் கொடுக்க ஒரு குரல் இருப்பது பெரிய காரியம். மதியம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் நடக்கும் ஆலோசனை, ராத்திரி பத்து மணிக்குத் தெருமுனையில் எழும் வேட்கைக்கு எட்டாது. கைபேசி எட்டும். இதுவே அதன் உண்மையான பலம்.

ஆனால் விளம்பரக்காரர்கள் விழுங்கிவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்த 349 பேரும் முதலில் விடுதியில் தங்கி, டாக்டரும் ஆலோசகரும் பார்த்து, சிகிச்சை பெற்றவர்கள். அதற்குப் பிறகுதான் கைபேசி வந்தது. கைபேசியைக் கொடுத்ததும் ஆராய்ச்சிக்காரர்கள்தான். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது எந்த முதலாளியும் அல்ல, அமெரிக்க சர்க்காரின் குடிநோய் ஆராய்ச்சி நிலையம், அதாவது அந்த நாட்டு மக்களின் வரிப்பணம்.

ஆஸ்பத்திரி இருந்தது, ஆள் இருந்தது, அதற்குமேல் கைபேசி வந்தது, பலன் கிடைத்தது. இதுதான் நடந்த கதை. நம் கனவான்களோ ஆஸ்பத்திரியைக் கழித்துவிட்டு, ஆளையும் கழித்துவிட்டு, கைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு அதே பலன் கிடைக்கும் என்கிறார்கள். சோற்றையும் குழம்பையும் எடுத்துவிட்டு ஊறுகாயை மட்டும் இலையில் வைத்து விருந்து என்றால் யார் நம்புவது?

சந்தைக்குப் போன வைத்தியம்

இந்தக் கருவிகள் சந்தைக்குப் போனபோது என்ன ஆயிற்று என்பதைப் பார்ப்போம். இதற்கும் அமெரிக்காவே சாட்சி.

பாஸ்டன் நகரில் "பேர் தெரப்யூட்டிக்ஸ்" என்று ஒரு கம்பெனி. அது "ரீசெட்" என்ற செயலியைக் கொண்டுவந்தது. மது, கொக்கெயின், கஞ்சா, ஊக்கப் போதைகள் ஆகியவற்றின் பிடியில் இருப்பவர்களுக்கு டாக்டர் சீட்டின் பேரில் தரப்படும் செயலி இது. 12 வாரப் பாடம். 2017 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி கொடுத்தது. போதை நோய்க்கு இப்படி அனுமதி பெற்ற முதல் செயலி இதுவே. அடுத்த ஆண்டு டிசம்பரில், அபின் வகைப் போதைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்காக "ரீசெட்-ஓ" என்ற இரண்டாவது செயலியும் வந்தது. அதற்கு விலை 1,665 டாலர்!

அனுமதிக்கு ஆதாரம் என்ன? 399 பேரின் சோதனைக் கணக்கு. செயலி பெற்றவர்களில் 40.3 சதவிகிதம் பேர் போதையைத் தொடாமல் இருந்தார்கள். பெறாதவர்களில் 17.6 சதவிகிதம். இந்தக் கணக்கும் உண்மையே. ஆனால் அந்தச் சோதனையில் பயன்பட்டது கைபேசி அல்ல. மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடிய பழைய வடிவம். சோதனையில் கலந்துகொண்டவர்கள் எல்லாரும் சிகிச்சை நிலையத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள். போதை இல்லை என்று சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்தால் சிறு பரிசுகளும் உண்டு. சோதனையை நடத்தியதும் சர்க்கார் பணம்தான். அனுமதிச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது: டாக்டரின் மேற்பார்வையில், வெளிநோயாளிச் சிகிச்சையோடு சேர்த்துத்தான் இதைப் பயன்படுத்தவேண்டும் என்று.

பொதுப்பணத்தில் விளைந்த பயிர். அறுவடை செய்தது கம்பெனி!

அந்த அறுவடையாவது நிலைத்ததா? 2021 டிசம்பரில் கம்பெனி பங்குச் சந்தையில் நுழைந்தது. சுமார் 160 கோடி டாலர் பெறும் என்று மதிப்புப் போட்டார்கள். நோயாளிகள் குணமடைவதைப் பார்த்துப் போட்ட மதிப்பு அல்ல இது. நாளைக்கு எவ்வளவு லாபம் வரும் என்று கனவு கண்டு போட்ட மதிப்பு. கனவு பலிக்கவில்லை. டாக்டர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளுக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் பணம் தர முன்வரவில்லை. சுமார் பதினாறு மாதமே நீடித்தது. 2023 ஏப்ரலில் கம்பெனி மஞ்சள் கடிதாசி கொடுத்தது! பெரும்பாலான ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மே மாதம் ஏலம். 160 கோடி டாலர் என்று மார்தட்டிய சொத்து, துண்டு துண்டாகச் சுமார் 60 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

பிற்பாடு வேறொரு நிறுவனம் அந்தச் செயலிகளை வாங்கிக்கொண்டது. அது வேறு விஷயம். நாம் கேட்பது இதுதான்: போதையிலிருந்து கரையேறிக்கொண்டிருக்கிற ஒரு மனிதன், தன் கைப்பிடியாக எதை நம்பினானோ அது ஏலக்கடையில் நிற்கலாமா? ஆஸ்பத்திரி வார்டைப் பங்குச் சந்தையில் இறக்கி, விலை சரிந்தால் பூட்டிவிட்டுப் போகலாமா? செயலி கெட்டது என்பதல்ல நாம் சொல்வது. லாபம் வந்தால் வைத்தியம், வராவிட்டால் நடுத்தெரு என்ற ஏற்பாடு கெட்டது என்கிறோம்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அமெரிக்காவில் அபின் வகைப் போதை பெருகியது தற்செயலாக அல்ல. பர்டூ ஃபார்மா என்ற மருந்துக் கம்பெனி 1996ல் "ஆக்ஸிகான்டின்" என்ற வலி மாத்திரையைச் சந்தையில் இறக்கி, அடிமையாகும் அபாயம் குறைவு என்று டாக்டர்களிடம் பிரசாரம் செய்தது. 2007லும் 2020லும் அந்தக் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மாத்திரையில் தொடங்கிய அந்தத் தீ பிறகு ஹெராயினுக்கும் ஃபென்டனிலுக்கும் பரவியது. 2022ல் மட்டும் போதை மிகையால் அந்த நாட்டில் மாண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். நோயை விற்றது ஒரு கம்பெனி. மருந்தை விற்க வந்தது இன்னொரு கம்பெனி. இரண்டுக்கும் நடுவே நசுங்கியது மனிதன்.

ரகசியம் கடைவீதிக்கு வந்த கதை

"குடிநோயாளி வெட்கப்படுகிறான். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறான். கைபேசி என்றால் ரகசியம் காப்பாற்றப்படுமே" என்று நல்லெண்ணம் உள்ளவர்களே சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெண்கள் விஷயத்தில் இது இன்னும் உண்மை. குடிக்கிற ஆணை ஊர் பரிதாபப்படும். குடிக்கிற பெண்ணை ஊர் கல்லால் அடிக்கும்.

ஆனால் ரகசியம் யாரிடத்தில்?

நியூயார்க்கில் "மானுமென்ட்" என்ற கம்பெனி இருக்கிறது. குடியை விட விரும்புகிறவர்களுக்கு இணையத்தின் வழியே சிகிச்சை அளிக்கிறது. உங்கள் விவரங்கள் முழுக்க முழுக்க ரகசியம் என்று வாக்குக் கொடுத்தது. 2020 முதல் 2022 வரை அது செய்தது என்ன? தன்னிடம் வந்தவர்களின் விவரங்களை மெட்டா, கூகிள் முதலிய விளம்பர வியாபாரிகளுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் 2024 ஏப்ரலில் குற்றம் சாட்டியது. பாதிக்கப்பட்டவர்கள் 84,000 பேர் வரை இருக்கலாம். 25 லட்சம் டாலர் அபராதம் என்று உத்தரவாயிற்று. ஆனால் கட்ட வசதியில்லை என்ற காரணத்தால் அந்த அபராதமும் நிறுத்திவைக்கப்பட்டது!

வாசகர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்கவேண்டும். ஒரு மனிதன் வெட்கத்தை விட்டு, "நான் குடிநோயாளி, என்னைக் காப்பாற்றுங்கள்" என்று கதவைத் தட்டுகிறான். கதவைத் திறந்தவன் அந்த வாக்குமூலத்தைக் கடைவீதியில் கொண்டுபோய் விளம்பரத்துக்கு உபயோகிக்கிறான். இதற்குப் பெயர் வைத்தியமா?

நம் நாட்டில் இது நடக்காது என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? பஸ் ஓட்டும் தொழிலாளி, கிரேன் இயக்கும் தொழிலாளி, காவலாளி, இவர்களில் ஒருவர் குடியை விடச் செயலியில் பெயர் கொடுத்தார் என்ற விவரம் முதலாளிக்கோ இன்ஷ்யூரன்ஸ்காரனுக்கோ கடன் கொடுப்பவனுக்கோ எட்டினால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? திருந்த நினைத்ததற்குத் தண்டனையாக வேலை போகும். பிறகு யார் திருந்த வருவார்கள்?

செயலியால் ஊசி போட முடியுமா?

வைத்திய விஷயத்துக்கு வருவோம். இதில் அறியாமை உயிரைக் குடிக்கும்.

வருஷக்கணக்கில் நாள்தோறும் குடித்தவன் ஒரே நாளில் குடியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது குடும்பத்தில் அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். கை நடுங்கும். வியர்த்துக் கொட்டும். தூக்கம் வராது. சிலருக்கு இரண்டு நாளைக்குள் வலிப்பு வரும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், புத்தி தடுமாறும், ஜுரம் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். அப்போது வேண்டியது படுக்கை, நர்ஸ், நடுக்கத்தை அடக்கும் மாத்திரை, வைட்டமின் பி1 ஊசி. "மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள், மூச்சை ஆழமாக இழுங்கள்" என்று திரையில் எழுத்து ஓடினால் போதாது. ஆகவே அதிகமாகக் குடிக்கும் எவரும் டாக்டரைப் பார்க்காமல் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்லி வைக்கிறோம்.

அபின் வகைப் போதைக்கு மெதடோன், பியூப்ரெநார்ஃபின் போன்ற மருந்துகள் உண்டு. சாவைக் குறைப்பவை என்று நிரூபணமானவை. அவற்றைக் கொடுக்க ஆள் வேண்டும், நிலையம் வேண்டும். கொஞ்ச காலம் விட்டிருந்துவிட்டு மறுபடி பழைய அளவில் போதை ஏற்றுகிறவனுக்கு உடல் தாங்காமல் சாவு நேரலாம். இந்த ஆபத்தை முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதன் வேண்டாமா?

அதுமட்டுமல்ல. குடியில் மூழ்கிய ஏழை முதலில் அடகு வைப்பது எதை? மனைவியின் தோடு போனபிறகு வீட்டில் விற்பதற்கு மிஞ்சியது கைபேசிதான்! ரீசார்ஜுக்குப் பணமில்லாத வாரத்தில் அந்த வைத்தியர் ஊமையாகிவிடுவார். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தாமே உபயோகிக்கும் கைபேசி வைத்திருந்த பெண்கள் நாட்டில் 100க்கு 54 பேர்தான். மீதிப் பெண்களுக்கு இந்த வைத்தியம் எங்கே?

கைபேசி உள்ளவர்கள்தான் செயலியை விடாமல் உபயோகிக்கிறார்களா? மனநலச் செயலிகளைப் பற்றி 2019ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. இறக்கிக்கொண்ட 100 பேரில் 15வது நாள் அதைத் திறந்து பார்ப்பவர் நாலு பேர்கூட இல்லை! பத்து லட்சம் பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று விளம்பரம் செய்கிறவர்கள், பதினாறாம் நாள் கணக்கை ஏன் சொல்லுவதில்லை?

நம் வீட்டு நிலைமை

இனி நம் நாட்டைப் பார்ப்போம். அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் நடத்திய போதைப் பழக்கக் கணக்கெடுப்பை மத்திய சர்க்கார் 2019ல் வெளியிட்டது. அதன்படி நாட்டில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. குடிக்கு அடிமையாகிவிட்டவர்கள் சுமார் 2.9 கோடி. இவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்!

மிச்சம் 37 பேர் என்ன செய்கிறார்கள்? சாமிக்குக் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். சோற்றிலே கலந்து கொடுக்கும் ரகசிய மருந்தை நம்பி ஏமாறுகிறார்கள். கடன் வாங்கித் தனியார் "மறுவாழ்வு" இல்லத்தில் அடைபடுகிறார்கள். இல்லையேல் செத்துப்போகிறார்கள்.

இந்தப் பள்ளத்தைத் தூர்க்கச் சர்க்கார் என்ன செய்தது? 14446 என்ற இலவச எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் "டெலி மானஸ்" என்ற தொலைபேசி ஆலோசனைத் திட்டமும் 14416 என்ற எண்ணோடு வந்தது. புகையிலையை விட நினைக்கிறவர்கள் மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தி வழியே யோசனை சொல்லும் திட்டம் 2016ல் வந்தது. சாதாரணக் கைபேசியே இதற்கெல்லாம் போதும். இவற்றை வரவேற்கிறோம். உபயோகித்துக்கொள்ளும்படி வாசகர்களுக்கும் சொல்லுகிறோம். ஆனால் தொலைபேசியில் "பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லும்போது, அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் படுக்கையும் டாக்டரும் இருக்கவேண்டாமா? வழிகாட்டிப் பலகை நட்டால் மட்டும் ஊர் வந்துவிடுமா?

நம் மாநிலக் கதையோ இன்னும் வேடிக்கை. 1983ல் ஏற்பட்ட டாஸ்மாக், 2003 முதல் மதுவின் சில்லறை வியாபாரத்தையும் முழுக்கத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023-24ஆம் ஆண்டில் மதுவால் கஜானாவுக்கு வந்தது சுமார் 45,800 கோடி ரூபாய். ஒரு கை பாட்டிலை நீட்டுகிறது. இன்னொரு கை, "குடி குடியைக் கெடுக்கும்" என்று எழுதிய காகிதத்தை நீட்டுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கும் மேல் பலிகொண்டது. மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் காய்ச்சிகள். குறைந்த விலையில் களைப்பை மறக்க நினைத்தவர்கள். அந்தத் தெருக்களில் குடிநோய்க்கு ஒரு ஆலோசகர் முன்னமே போயிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

கைபேசியும் நடுநிலையான சாமான் அல்ல. 2020 மே மாதம் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் உணவு கொண்டுவரும் செயலிகளே மதுவையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தன. சோடா என்றும் இசைத்தட்டு என்றும் பெயர் சொல்லிக்கொண்டு மதுக் கம்பெனிகள் செய்யும் மறைமுக விளம்பரம் அதே திரையில்தான் ஓடுகிறது. ஒரு ஜன்னலில் "குடிக்காதே", பக்கத்து ஜன்னலில் "வா, குடி"! இந்தப் போட்டியில் எதற்குப் பண பலம் அதிகம் என்பதைச் சொல்லவேண்டுமா?

"ஆள் இல்லையே!" என்ற வாதம்

எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருவோம். "நீங்கள் சொல்லுவது எல்லாம் சரி. 2.9 கோடிப் பேருக்கு மனநல டாக்டர்களை எங்கே போய்த் தேடுவது? ஆள் இல்லாத இடத்தில் கைபேசியாவது இருக்கட்டுமே" என்கிறார்கள்.

இதற்கு நாம் வாயால் பதில் சொல்லவேண்டியதில்லை. கோவா பதில் சொல்லியிருக்கிறது.

கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த ஆண்களில், உடலைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்குக் குடித்தவர்கள் 377 பேரைச் "சங்கத்" என்ற ஸ்தாபனத்தார் எடுத்துக்கொண்டார்கள். முற்றிய குடிநோயாளிகள் அல்ல. அந்த வழியில் போய்க்கொண்டிருந்தவர்கள். ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்களா? இல்லை. மனநலத்தில் முன்பயிற்சி எதுவும் இல்லாத சாதாரண மனிதர்கள். அந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர்கள். அதிகம் போனால் நாலு முறை உட்கார்ந்து பேசினார்கள். 2017ல் முடிவு வெளியாயிற்று. மூன்று மாதத்தில், பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவிகிதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். கிடைக்காதவர்களில் 26 சதவிகிதம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் இன்னும் பெரிதாயிற்று: 54க்கு 32.

ஆள் இல்லை என்பது பொய். ஆளைப் பயிற்றவும் சம்பளம் கொடுக்கவும் மனமில்லை என்பதே உண்மை. ஊருக்கு ஊர் சுகாதாரப் பெண்கள் இருக்கிறார்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். குடியை வென்று பத்து வருஷம் கழித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசான் யார்? இவர்களுக்குப் பயிற்சியும் நியாயமான சம்பளமும் கொடுங்கள். அப்புறம் இவர்கள் கையில் கைபேசியைக் கொடுங்கள். யார் இந்த வாரம் வரவில்லை, யார் மறுபடி தடுமாறுகிறார் என்று பார்க்கவும், ராத்திரியில் அழைப்பு வந்தால் எடுக்கவும், சிக்கலான கேஸை ஜில்லா ஆஸ்பத்திரி டாக்டரிடம் உடனே காட்டவும் அது பயன்படட்டும். ஒரு ஆலோசகர் பத்துப் பேரைக் கவனித்த இடத்தில் முப்பது பேரைக் கவனிக்கக் கைபேசி உதவினால், கைதட்டி வரவேற்கும் முதல் ஆள் நாம்தான்!

கலப்பை உழவன் கையில் இருந்தால் விளைச்சல். உழவனை விரட்டிவிட்டுக் கலப்பையை வயலில் போட்டால் துரு.

நாம் கோருவது

வெறுங்கூச்சல் போடுவது நமது நோக்கமல்ல. ஆகவே கோரிக்கைகளையும் சொல்லுகிறோம்.

ஒன்று: ஒவ்வொரு ஜில்லா, தாலுகா அரசு ஆஸ்பத்திரியிலும் போதை மீட்புக்குப் படுக்கைகள், இலவச மருந்து, டாக்டர், நர்ஸ். மதுவால் வரும் வருமானத்தில் இதற்கென்று ஒரு பங்கைச் சட்டப்படி ஒதுக்கவேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பயிற்சி பெற்ற ஆலோசகர். ஒப்பந்தக் கூலியாக அல்ல, நிரந்தர ஊழியராக.

மூன்று: மீட்புக் கருவி பொதுச் சொத்தாக இருக்கவேண்டும். தமிழில் பேசவேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் குரலில் பேசவேண்டும், சாதாரணக் கைபேசியிலும் இலவசமாக இயங்கவேண்டும். கம்பெனி திவாலானாலும் நோயாளி திவாலாகக் கூடாது.

நான்கு: நோயாளியின் விவரம் டாக்டரையும் ஆலோசகரையும் தவிர வேறு யாருக்கும் போகக்கூடாது. முதலாளிக்கோ போலீசுக்கோ விளம்பரக்காரனுக்கோ விற்றாலும் கொடுத்தாலும் கடும் தண்டனை. "கட்ட வசதியில்லை" என்ற சாக்கு செல்லாது.

ஐந்து: எந்தச் செயலியானாலும் நம் மக்களிடையே சோதித்து, பலனைப் பகிரங்கமாக வெளியிட்ட பிறகே "வைத்தியம்" என்று விற்கலாம். எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பது பலன் ஆகாது; எத்தனை பேர் மீண்டார்கள் என்பதே பலன்.

ஆறு: மதுவின் மறைமுக விளம்பரத்தைக் கைபேசித் திரையிலிருந்து துடைத்தெறியவேண்டும்.

இவை எட்டாத கனிகள் அல்ல. மதுக் கடைக்கு ஊர்தோறும் இடம் தேடிக் கொடுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, ஆலோசகர் உட்கார ஒரு நாற்காலி போட இடம் தெரியாதா?

குடிநோயாளி ஒழுக்கங்கெட்டவன் அல்ல, நோயாளி. அவனைப் பார்த்துக் காறித் துப்புகிறவர்களுக்கும், அவன் நோயைச் சரக்காக்கி விற்கிறவர்களுக்கும் ஒரே பதில்தான். அவனும் நம்மில் ஒருவன். அவன் தடுக்கி விழும்போது தூக்கிவிட ஒரு கை வேண்டும். அந்தக் கையில் கைபேசி இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கை இருக்கவேண்டும்!